மங்கலாய்த் தெரிபவற்றைத் தேடி



ஷஅபான் 29ஆம் நாள் மக்ரிபுக்குப் பின் மேற்கு வானை உற்று நோக்கி நிற்கும் சமுதாயம் நாம். அன்று நாம் தேடுவது வானில் மிகுந்த ஒளியுடைய பொருளையன்று. கண்ணுக்குப் புலப்பட்டும் புலப்படாமலும் நிற்கும் ஒரு மெல்லிய கீற்றை. நோன்பும் பெருநாளும் அந்தக் கீற்றையே சார்ந்திருக்கின்றன. மங்கலானதைப் பொறுமையோடு தேடும் இப்பழக்கம் நமக்குப் புதிதன்று. இன்றைய வானியலிலும் அதே பொறுமையை வேண்டி நிற்கும் துறை ஒன்றுண்டு. அதைப் பற்றி நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

நாம் வாழும் பால்வெளியில் பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. இத்தகைய பெரிய திரள்களைச் சுற்றியும், அவற்றுக்கிடையே தனித்தும், சிறிய திரள்கள் பல இருக்கின்றன. அவற்றைக் குறு விண்மீன் திரள்கள் என்பர். அவற்றுட் சில மிகமிக மங்கலானவை. 2006இல் கண்டறியப்பட்ட ‘செகு 1’ என்னும் குறுந்திரள் முழுவதும் சேர்ந்து தரும் ஒளி, சில நூறு சூரியன்களின் ஒளிக்கே ஈடாகும்.

இவ்வளவு சிறியவற்றை ஏன் ஆராய வேண்டும்? பெரியவை சிறியவற்றிலிருந்து உருவாயின என்பதுதான் காரணம். பிரபஞ்சத்தின் தொடக்கக் காலத்தில் சிறு திரள்களே முதலில் தோன்றின. அவை ஒன்றோடொன்று கலந்து பெருந்திரள்களாயின என்று வானியலார் விளக்குகின்றனர். அது இன்றும் நின்றுவிடவில்லை. தனுசு விண்மீன் குழுவின் திசையில் ஒரு குறுந்திரள் பால்வெளியின் ஈர்ப்பில் சிக்கிச் சிதைந்துகொண்டிருப்பது 1994இல் தெரியவந்தது. ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் மற்றொரு திரள் பால்வெளியோடு கலந்துபோன தடயத்தை, ‘கயா’ விண்கலம் அளந்து தந்த விவரங்களிலிருந்து 2018இல் கண்டனர். கலந்துவிட்டவற்றைத் தனியே பிரித்துப் பார்ப்பது எளிதன்று. கலவாமல் எஞ்சிய குறுந்திரள்களோ, வீடு கட்டி முடித்தபின் கொல்லையில் மீந்து கிடக்கும் செங்கற்களைப் போன்றவை. சுவர் பூசப்பட்டபின் உள்ளே எந்தக் கல் இருக்கிறது என்பதை அந்த மீந்த கல்லைப் பார்த்தே அறிய முடியும்.

இத்துறையில் நம் நாட்டின் பங்கு பெரிது. புனேவுக்கு வடக்கே கோடாத் கிராமத்தில், தலா 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களைக் கொண்ட வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் முன்னின்று உருவாக்கிய அது, விண்மீன்களின் ஒளியைப் பார்ப்பதில்லை. ஹைட்ரஜன் வாயு அனுப்பும் 21 சென்டிமீட்டர் அலையைக் கேட்கிறது. அதைக் கொண்டு ஆயிஷா பேகம், ஜெயராம் செங்களூர், ரஷ்ய அறிஞர் இகோர் கரசென்ட்சேவ் ஆகியோர் 2005இல் ‘என்ஜிசி 3741’ என்னும் குறுந்திரளை ஆராய்ந்து எழுதினர். சுமார் ஒரு கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள அத்திரளின் வாயுத் தட்டு, ஒளியில் தெரியும் பகுதியைப் போல் எட்டு மடங்குக்கும் மேலாகப் பரந்திருந்தது. அந்த வாயு சுழலும் வேகத்தைக் கொண்டு திரளின் நிறையைக் கணித்தபோது, அதன் பெரும்பகுதி ஒளிதராத கரும்பொருள் என்பது தெரிந்தது. கண்ணுக்குச் சிறிதாய்த் தெரிந்தது சிறிதாகவே இருக்கவில்லை. இத்தகைய 60க்கும் மேற்பட்ட மங்கலான திரள்களை ஆராய்ந்த அளவாய்வை இக்குழுவினர் 2008இல் வெளியிட்டனர்.

ஆயிஷா பேகத்தின் பெயரை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவள், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் எங்கள் பிள்ளை. கும்மிடிப்பூண்டியில் இரண்டு தலைமுறைகளாக எங்கள் ஆண்கள் உருக்காலைகளிலும் இரும்புக் கம்பி ஆலைகளிலும் ஷிப்டு வேலை பார்த்து வருகின்றனர். எங்களுக்குப் படிப்பென்றால் ஐடிஐ, டிப்ளமோ, மிஞ்சினால் பொறியியல். அவள் இயற்பியல் படிக்கப் போவதாகச் சொன்னபோது பெரியத்தா கேட்டார்: “கண்ணுக்கே தெரியாத நட்சத்திரக் கூட்டத்தைப் படிச்சு யாருக்கும்மா என்ன பிரயோஜனம்?” அவள், “அந்தச் சின்னக் கூட்டங்க சேர்ந்துதானே பெருசாச்சு, பெரியத்தா? அதைப் பார்க்காம இதை எப்படிப் புரிஞ்சுக்கறது?” என்றாள். பெரியத்தா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய கவலை நியாயமானது. மாதச் சம்பளத்தை நம்பி வாழும் வீட்டில் அப்படித்தான் கேட்பார்கள். ஆயினும், பட்டம் பெற்றபின் ஆசிரியப் பணிக்கும் கணினித் துறைக்கும் வழி திறந்தே இருக்கும் என்பதைப் பேசி முடிவுசெய்து, அவளை இயற்பியலுக்கே விண்ணப்பிக்கச் சொன்னோம். ஓர் உயிருக்குச் செய்யும் சிறு உதவியும் அல்லாஹ்விடம் வீணாகாது என்று நம்பும் நாம், சிறியதை அறியும் கல்வியை மட்டும் வீண் என்று எப்படிச் சொல்வோம்?

நம் முன்னோர் அப்படிச் சொல்லவில்லை. இஸ்ஃபஹானில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி 964ஆம் ஆண்டளவில் எழுதிய விண்மீன் நூலில், ஆந்த்ரோமெதா விண்மீன் குழுவில் ஒரு ‘சிறு மேகம்’ இருப்பதைக் குறித்து வைத்தார். அன்று அது ஒரு மங்கலான கறை மட்டுமே. அது பால்வெளிக்கு வெளியே உள்ள மற்றொரு பெருந்திரள் என்பதை எட்வின் ஹபிள் 1920களில் நிறுவினார். அஸ்ஸூஃபிக்கு அதன் பொருள் தெரியாது; எனினும் கண்டதைக் கண்டபடி நேர்மையோடு எழுதினார். ஒவ்வொரு புதுக் கண்டுபிடிப்பையும் வேத வசனத்தோடு ஒட்டவைக்க விரைவோருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. அறிவியலின் கணிப்புகள் மாறக்கூடும். பார்க்கவும் சிந்திக்கவும் நமக்கு விடுக்கப்பட்டுள்ள அழைப்பு மாறாது.

குறுந்திரளைக் காண வெளிநாடு செல்ல வேண்டியதும் இல்லை. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் சென்றால் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்குள்ளது. மறு ஆண்டு பிப்ரவரியில், பால்வெளியின் துணைத் திரள்களில் ஒன்றான பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்தபோது, அதன் ஒளியைக் காவலூரிலிருந்தும் பகுத்து ஆராய்ந்தனர். அந்த மேகம் ஜனவரி இரவுகளில் ஒன்பது மணியளவில் நம் கும்மிடிப்பூண்டிக்கும் தென் அடிவானில் ஏறக்குறைய 7 பாகை உயரத்தில் எழுகிறது. ஆனால் நாம் அதைக் காண்பதில்லை. தெற்கே மீஞ்சூர், எண்ணூர், அதற்கப்பால் சென்னை வரை அடிவானம் வெளுத்திருக்கிறது. இங்கே தொழிற்பேட்டையின் விளக்குகள் விடியும்வரை எரிகின்றன.

அவ்விளக்குகளை நாங்கள் பழிக்கவில்லை. அவற்றின் கீழ்தான் எங்கள் சோறு விளைகிறது. ஆனால் தேவையின்றி வானை நோக்கி எரிபவையும் உள்ளன. அவற்றில் நம் பள்ளிவாசல் விளக்குகளும் அடங்கும். பழவேற்காட்டின் சின்னப் பள்ளிவாசலில் 1914ஆம் ஆண்டைச் சேர்ந்த நிழற்கடிகாரம் இருக்கிறது. சூரியனின் நிழலைப் பார்த்துத் தொழுகை நேரத்தை அறிந்தவர்களின் மாவட்டம் இது. எனவே நம் ஜமாஅத்துகளிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. மினாராவிலும் முற்றத்திலும் உள்ள விளக்குகளுக்கு மேல்மூடி இட்டு, ஒளி தரையில் மட்டும் விழச் செய்யுங்கள். இஷா முடிந்தபின் அலங்கார விளக்குகளை அணையுங்கள். மின்கட்டணமும் குறையும், வீண்விரயமும் தவிரும். அடுத்து, ஆண்டுக்கு ஒருமுறையேனும் மக்தப் பிள்ளைகளை, பெண் பிள்ளைகளையும் சேர்த்து, நிலவில்லாத இரவில் இருண்ட இடமொன்றுக்கு அழைத்துச் சென்று வானைக் காட்டுங்கள்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், மங்கலானதைக் காணும் பொறுமையையும் அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.