எங்கள் தெருவின் கரிக்கணக்கு

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

கோவை மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்துக்கு அருகே ஓடந்துறை என்றோர் ஊராட்சி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டில் அந்த ஊராட்சி தன் சேமிப்போடு வங்கிக் கடனும் பெற்று 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. ஊர்த் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. விஞ்ஞான வகுப்பில் சிஸ்டர் இதைச் சொன்ன நாள் முதல் எங்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காற்றாலை வாங்க எங்களிடம் காசு ஏது? எங்கள் தெருவில் எந்த வீடு எவ்வளவு கரியமில வாயுவை வெளிவிடுகிறது என்று கணக்காவது எடுப்போம் என, ஒரே தெருவில் குடியிருக்கும் நாங்கள் நால்வரும் நோட்டும் பென்சிலுமாகக் கிளம்பினோம்.

மொத்தம் 22 வீடுகள். கணக்கு எளிதுதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குறிக்கப்படும் யூனிட்டை மின் அட்டையில் பார்த்து, ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ என்று பெருக்க வேண்டும். 14.2 கிலோ எரிவாயு சிலிண்டர் ஒன்றுக்கு 42 கிலோ. கரியானால் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 3 கிலோ. ஒரு கிலோ கரி எப்படி மூன்று கிலோ வாயுவாகும் என்று கோடி வீட்டு ஆச்சி எங்களை மடக்கினார். காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்துகொள்கிறது ஆச்சி என்று விளக்கினோம். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

எங்கள் நால்வரில் ஒருத்தியின் தாயார் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர். நாளொன்றுக்கு நான்கு கிலோ கரி என்று அவளே சொன்னாள். இரண்டு மாதத்தில் 50 நாள் வேலை என்றால் 200 கிலோ கரி, 600 கிலோ வாயு. மின்சாரமும் அடுப்பும் சேர்ந்து 700 ஆயிற்று. தெருவிலேயே அதுதான் அதிகம். அட்டவணையில் அந்த வீட்டுக்குப் பெரிய சிவப்பு வட்டம் போட்டோம். அவள் பக்கத்திலேதான் இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. தெருக் கூட்டத்தில் அதை மாட்டியபோது யாரோ சிரித்தார்கள். மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

மூவரும் அவள் வீட்டுக்குப் போனோம். அத்தை வேலையை நிறுத்தவில்லை. பெட்டிக்குள் கனல் சிவந்திருந்தது. கையில் இருந்தது எங்களில் ஒருத்தியின் சீருடைப் பாவாடை.

“பிள்ளைகளா, இந்தக் கரி எங்க வீட்டுத் துணிக்கா எரியுது?” என்றார். அவ்வளவுதான் கேட்டார். எங்களுக்குத் தலை நிமிரவில்லை. இரண்டு மாதத்துக்கு 84 யூனிட்டே ஓடும் வீடு அது. 100 யூனிட் வரை இலவசம் என்பதால் கட்டணமே வருவதில்லை.

அன்று மாலையே புது அட்டவணை தொடங்கினோம். கரிக்கணக்கைத் துணி கொடுக்கும் வீடுகளுக்குப் பங்கிட்டோம். அத்தை வீடு 100 கிலோவுக்கு இறங்கிக் கடைசிக்குப் போயிற்று. முதலிடம் பெற்றது ஏ.சி. உள்ள மாடி வீடு: மின்சாரத்தில் மட்டும் 720 யூனிட். அது யார் வீடு என்று கேட்காதீர்கள். எங்களில் ஒருத்தியின் வீடு. அவள் அப்பா முதலில் கோபித்தார். பிறகு மாடிப்படியில் எரிந்த இரண்டு 60 வாட் குண்டு பல்புகளைக் கழற்றி 9 வாட் எல்.இ.டி. போட்டார். ஏ.சி.யைப் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது.

அதன் பிறகுதான் உண்மையான சிக்கல் வந்தது. இஸ்திரிக்குத் துணி கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளலாமே என்று கூட்டத்தில் ஒரு மாமா சொன்னார். கணக்குக்கு அது சரி. அத்தை வீட்டு உலைக்கு? கரி வேண்டாமென்றால் எரிவாயுவில் சூடேறும் இஸ்திரிப் பெட்டி உண்டு என்றார் சிஸ்டர். ஆனால் கரியாக எரியும் சீமைக்கருவேல மரம் வெட்ட வெட்டத் தழைத்து வாயுவைத் திரும்ப உறிஞ்சுவதால், எரிவாயுதான் மேல் என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றும் அவரே சொன்னார். எங்களுக்குத் தலை சுற்றியது. அத்தைக்குச் சுற்றவில்லை. “கணக்கு எப்படியும் போகட்டும். இந்தக் கனல் மூச்சு இருபது வருஷமா நெஞ்சுக்குள்ள போகுது. அதுக்காகவாவது மாத்தணும். ஆனா தானமா வேண்டாம்” என்றார்.

ஆகவே வீட்டுக்கு இவ்வளவு என்று தெருவார் பணம் போட்டுப் பெட்டி வாங்கினார்கள். அத்தை அதை மாதா மாதம் துணி தேய்த்தே கழித்து வருகிறார். அந்தக் கணக்கு நோட்டு எங்கள் தோழியிடம் இருக்கிறது. இரண்டாவது அட்டவணையையும் அவள்தான் தன் கையெழுத்தில் எழுதினாள். பழைய கரிப் பெட்டியை மட்டும் அத்தை இன்னும் விற்கவில்லை. பட்டுப் புடவைக்குப் புதுப் பெட்டியை நம்ப முடியாதாம்.