கைநாட்டு

ஆடிக்காற்றில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்த ஒரு முன்னிரவில்தான் அதைக் கவனித்தேன். அணைந்து மறுபடி உயிர்பெற்ற கணினித் திரையின் வலதுகீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், முன்பின் பார்த்திராத ஒரு சின்னம் உட்கார்ந்திருந்தது. நான் இன்னும் எதையும் திறந்திருக்கவில்லை. எனக்கு முன்பே யாரோ வந்து அமர்ந்துவிட்டதுபோல் இருந்தது. பையனைக் கூப்பிட்டேன்.

“அது கேமோட வாட்ச்மேன்ப்பா. எவனும் சீட்டிங் பண்ணாமப் பாத்துக்கும்” என்றான்.

“நீ இப்ப ஆடலையே?”

“ஆடலன்னாலும் இருக்கும். கம்ப்யூட்டர் எழுந்திரிக்கும்போதே அதுவும் எழுந்திரிக்கணும். இல்லன்னா உள்ள விடாது.”

அவன் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. இணையத்தில் முகமறியாதவர்களுடன் அணி சேர்ந்து, முகமறியாத வேறொரு அணியைச் சுட்டு வீழ்த்தும் ஆட்டம். இன்ன ஆட்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த வகையில் பலவும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் நடக்கின்றன என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

நான் பாப்பிரெட்டிப்பட்டியில் ஆவண எழுத்தர். ஊரில் ‘ரைட்டர்’ என்பார்கள். இங்கே எழுதும் நண்பர்கள் நடுவில் அந்தச் சொல்லை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும். சேர்வராயன் மலையடிவாரத்து மேட்டுக் காடுகளும் வாணியாற்றுப் பாசன வயல்களும் கைமாறும்போது, கிரயம், தான செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, உயில் என்று அந்தந்தக் குடும்பத்தின் கதை என் மேசைக்கு வந்து நாற்புற எல்லைகளோடு முடிகிறது.

இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு ரகசியத்தின் படிநிலைகள் தெரியும். 1908 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அதை அழகாகவே வகுத்திருக்கிறது. கிரயம் போன்ற அசையாச் சொத்து ஆவணங்கள் 1 ஆம் புத்தகத்தில் ஏறும். கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். உயில் ஏறுவது 3 ஆம் புத்தகத்தில். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை, அவருக்கோ அவருடைய முகவருக்கோ தவிர வேறு எவருக்கும் அதன் நகல் கிடையாது. பெற்ற பிள்ளை வந்து கேட்டாலும் இல்லை. நூறு வருடங்களுக்கு முன்பே சட்டம் ஒரு கிழவனின் மனத்துக்குத் தாழ்ப்பாள் போட்டு வைத்திருக்கிறது.

என் கணினியில் இருப்பது 3 ஆம் புத்தகத்துக்கும் முந்தைய நிலை. எழுதி அடித்தவை, பெயர் மாற்றியவை, அழுதுகொண்டே சொன்னவை. அந்த ஆடிக்கு இரண்டு மாதம் முன்பு ஒரு பெரியவர் உயில் எழுத வந்தார். கைநாட்டுக்காரர். வீட்டை மகனுக்கும், தன்னைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் மகளுக்கு ஒன்றேகால் ஏக்கர் நிலத்தையும் எழுதச் சொன்னார். சாட்சிகள் இருவரும் அவர் பெருவிரலை வைத்ததைப் பார்த்தவர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாதவர்கள். எல்லாம் முடிந்ததும் கேட்டார்: “இது நம்ம ரெண்டு பேரோடதான ரைட்டரே?” “ஆமாங்க ஐயா” என்றேன். யோசிக்கவே இல்லை. இத்தனை வருடங்களாக யோசிக்காமல் சொல்லிவந்த பதில் அது.

அந்த உயில் இருந்த கணினியில்தான் இப்போது ஒரு காவல்காரன் உட்கார்ந்திருந்தான்.

ஒரு வாரம் இதைப் பற்றியே படித்தேன். இந்தக் காவல் ஏன் வீட்டுக்குள் வர நேர்ந்தது என்பது சுவையான கதை. ஆட்டம் தடங்கலின்றி ஓட வேண்டுமானால், சுவருக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கும் எதிரி எங்கே இருக்கிறான் என்பது முன்கூட்டியே ஆடுபவனின் கணினிக்கு வந்தாக வேண்டும். திரைதான் அதை மறைத்து வைக்கிறது. கள்ள மென்பொருள் ஒன்று நினைவகத்தில் புகுந்து அதைப் படித்துவிட்டால் சுவர் கண்ணாடியாகிவிடும். இன்னொன்று துப்பாக்கியின் குறியையே தானாகத் திருப்பிக் கொடுக்கும். நம் பக்கத்தில் கடலைக்காட்டுக்குப் பரண் கட்டிக் காவல் இருப்பவர்கள், காட்டுப்பன்றி வெளியிலிருந்து வரும் என்று வெளியே பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். இங்கே அது உதவாது. திருடன் வீட்டுச் சொந்தக்காரனாகவே இருக்கலாம்.

கணினிக்குள் கூடம் உண்டு, உள்ளறை உண்டு. நாம் திறந்து மூடும் நிரல்கள் கூடத்தில் நடமாடுபவை. எல்லாவற்றையும் ஆளும் உள்ளறைக்குக் கெர்னல் என்று பெயர். மாங்கொட்டையை உடைத்தால் இருக்கும் பருப்பு போல. ஏமாற்றும் நிரல்கள் கூடத்திலிருந்து உள்ளறைக்குப் போய் ஒளிந்துகொள்ளத் தொடங்கியதும், காவலும் பின்னாலேயே உள்ளே போனது. முன்பே அங்கே வந்து ஒளிந்திருப்பவனைப் பிறகு வருகிறவன் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே கணினி விழிக்கும்போதே காவலும் விழிக்க வேண்டும். 2020 இல் ரயட் நிறுவனம் வாலரன்ட் ஆட்டத்துடன் வேன்கார்ட் என்ற காவலைக் கொண்டுவந்தபோது உலகம் முழுக்க எழுந்த சச்சரவு இதைப் பற்றியதுதான். தனி விவரங்களைத் திரட்டவில்லை என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. ஓட்டை கண்டுபிடிப்பவருக்கு 1,00,000 டாலர் வரை பரிசும் அறிவித்தது. வேண்டாத நேரத்தில் அணைத்து வைக்கவும் வழி செய்தது. அணைத்தால், மறுபடி ஆடுவதற்குக் கணினியை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தச் சந்தேகம் அதைவிடப் பழையது. 2005 இல் கிரெக் ஹோக்லண்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிபுணர், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டத்தின் வார்டன் என்ற காவல் நிரல், ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாமல் திறந்திருக்கும் சாளரங்களின் தலைப்புகளையும் படிக்கிறது என்று எழுதினார். தலைப்புதானே என்று தோன்றலாம். என் கணினியில் திறந்திருக்கும் சாளரத்தின் தலைப்பு ‘உயில்’ என்று தொடங்கி ஒரு மனிதரின் பெயரில் முடியும். அந்தத் தலைப்பே போதும், ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிய.

வேலியே பயிரை மேய்ந்ததும் உண்டு. அமெரிக்காவில் ஈஎஸ்ஈஏ என்ற போட்டி நிறுவனத்தின் தடுப்பு மென்பொருளில், 2013 ஏப்ரலில், உள்ளே இருந்த ஊழியர் ஒருவரே பிட்காயின் உருவாக்கும் நிரலைச் சேர்த்துவிட்டார். ஆடுபவர்களின் கணினிகள் அவர்கள் அறியாமல் வேறு யாருக்கோ காசு சம்பாதித்துக் கொடுத்தன. சுமார் 14,000 கணினிகள் என்றது நியூஜெர்சி அரசு. அந்த ஆண்டு நவம்பரில் 10 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமானது. 2022 இல் நடந்தது இன்னும் விசித்திரம். கென்ஷின் இம்பாக்ட் ஆட்டத்தின் காவல் நிரலைப் பிணைப்பணம் பறிக்கும் கூட்டம் ஒன்று எடுத்துச் சென்று, அந்த ஆட்டமே இல்லாத கணினிகளில் நிறுவி, அங்கிருந்த வைரஸ் தடுப்பு மென்பொருளை முடக்கியதாக டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் கண்டறிந்தது. முறையான கையொப்பம் பெற்ற நிரல் என்பதால் விண்டோஸ் கதவைத் திறந்துவிட்டது. காவல்காரனின் சீருடையைத் திருடிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனதுபோல.

இவற்றையெல்லாம் பையனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு, “நீங்க ஒரு பக்கம்தான் படிச்சிருக்கீங்க” என்றான். போன வருடம் அவனும் நண்பர்களும் இரண்டு மாதம் பழகி ஒரு சிறிய போட்டியில் சேர்ந்திருந்தார்கள். எதிரணியில் ஒருவன் சுவருக்கு அப்பால் பார்த்துச் சுட்டான். புகார் கொடுத்தும் பயனில்லை. “நாங்க தோத்தது கூடப் பரவால்லப்பா. அதுக்கப்புறம் எங்களுக்குள்ளயே ஒருத்தன் நல்லா ஆடினா சந்தேகம் வந்துடுச்சு. அவன் ஹேக் போட்டிருப்பானோன்னு.” அந்தக் குழு கலைந்துபோனதை அவன் அதுவரை என்னிடம் சொன்னதில்லை.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த கவுன்ட்டர் ஸ்ட்ரைக் போட்டியில் ஆப்டிக் இந்தியா அணியின் வீரர் ஒருவர் மேடையிலேயே பிடிபட்டார். கணினியைச் சோதிக்க வந்தவர்கள் பக்கத்தில் நிற்கும்போதே அவர் கோப்பை அழிக்க முயன்றது காணொளியாகப் பரவியது. அணி கலைக்கப்பட்டது. குற்றமற்ற நான்கு பேரின் உழைப்பும் அதோடு போயிற்று. அந்தக் கள்ள நிரல் ஒளிந்திருந்த கோப்பின் பெயர் ‘வேர்ட்’. நான் தினமும் காலையில் திறக்கும் மென்பொருளின் பெயர். இதைப் படித்த அன்று எனக்கு ஒன்று புரிந்தது. களவு என் கோப்பின் பெயரில் ஒளிந்துகொள்ளுமானால், காவல் என் கோப்பையும் ஏறிட்டுப் பார்த்துத்தான் தீரும்.

வீட்டுக்குள் வராமல் காவல் காக்கவே முடியாதா? சதுரங்கத்தில் முடிகிறது. 2021 ஜூனில் கொரோனா நிவாரண நிதிக்காக விசுவநாதன் ஆனந்துடன் இணையத்தில் ஆடிய தொழிலதிபர் நிகில் காமத், கணினியின் உதவியைப் பெற்றதாகப் பிறகு ஒப்புக்கொண்டார். அவர் வீட்டுக்குள் யாரும் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. நகர்த்தல்களே காட்டிக்கொடுத்தன. கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கிலும் 2013 இல் வால்வ் நிறுவனம் ஒரு பஞ்சாயத்து முறையைக் கொண்டுவந்தது. அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள், பெயர் மறைக்கப்பட்ட ஆட்டப் பதிவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். ஆட்டத்தைப் பார், ஆடுபவனின் அறையைப் பார்க்காதே என்ற அந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தீர்ப்பு வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். கள்ளன் வேறு பெயரில் மறுநாளே வருவான். பையனின் குழு அதற்குள் கலைந்திருக்கும். இரண்டு பக்கமும் தராசு சமமாகவே நிற்பதாக எனக்குப் பட்டது.

ஆனால் தராசுக்கு வெளியே ஒன்று இருந்தது. அதை என் தொழில்தான் காட்டிக்கொடுத்தது.

படிக்கத் தெரியாதவர் என் மேசைக்கு வந்தால், எழுதியதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துக் காட்டிய பிறகே பெருவிரலில் மை தடவுவேன். ‘நீங்க எழுதினா சரிதான், எங்க நாட்டணும்னு சொல்லுங்க’ என்பார்கள். விடமாட்டேன். படிக்கக் கேட்டு ஒப்புக்கொண்டார் என்ற வாசகம் பொய்யாகக்கூடாது. அந்த ஆட்டத்தை நிறுவும்போது கணினி ஒரு நீண்ட ஒப்பந்தத்தைக் காட்டியிருக்கிறது. பையன் படிக்காமல் ‘சம்மதம்’ என்று அழுத்தியிருக்கிறான். அவனுக்கு வயது பதினேழு. அந்த வயதுக்காரன் கையெழுத்திட்டு ஒரு சென்ட் நிலத்தைக்கூட விற்க முடியாது. 2017 இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023 இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. 2025 நவம்பரில் விதிகளை வெளியிட்டு, முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்தார்கள். ஆனால் பெற்றோராக நானே கையெழுத்திட்டிருந்தாலும் அந்தச் சம்மதம் யாருடையது? அந்தக் கணினியில் இருந்தது என் அந்தரங்கம் மட்டுமா? ஒன்றேகால் ஏக்கர்காரரின் பெருவிரலை அவருக்கே தெரியாமல் நாங்கள் பிடித்து ஒரு காகிதத்தில் வைத்துவிட்டோம்.

அன்றிரவு பையனை உட்காரவைத்து அந்த ஒப்பந்தத்தை எனக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன், நான் மற்றவர்களுக்குச் செய்வதுபோல. ஆங்கிலத்தைப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். ஒன்றரை மணி நேரம் ஆனது. சில இடங்களில் நின்று, மறுபடி படித்து, “இதுக்கு எனக்கே அர்த்தம் தெரியலப்பா” என்றான். முடித்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தான். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டான்: “நான் தூங்கும்போது நீங்க என் போனை எடுத்துப் பாக்கறீங்கல்ல. அதுக்கு நான் எங்கப்பா அக்ரீ கொடுத்தேன்?”

என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. பார்ப்பதை நிறுத்திவிட்டேன் என்பதை மட்டும் இங்கே பதிவுசெய்கிறேன்.

சேலத்தில் பழைய கணினி ஒன்று வாங்கினேன். பத்திரங்களின் வரைவுகள் எல்லாம் அதற்கு மாறின. அதற்கு இணைய இணைப்பு கிடையாது. முடிந்த ஆவணத்தை மட்டும் பென்டிரைவில் எடுத்துச் செல்கிறேன். பையன் தன் கணினியில் காவல்காரனோடு ஆடுகிறான். ஆட்டம் முடிந்ததும் அதை அணைத்துவிடுகிறான். அந்தக் காவல் நிரல் என் கோப்பு எதையும் படித்ததற்கு ஓர் ஆதாரமும் இல்லை. படித்திருக்காது என்றே நம்புகிறேன். ஆனால் முன்பு எனக்குத் தெரிந்திருந்தது, இப்போது நம்புகிறேன். இரண்டும் ஒன்றல்ல.

தை மாதம் அந்தப் பெரியவர் மறுபடி வந்தார். உயிலில் ஒரு மாற்றம். கிணற்றுப் பங்கையும் மகளுக்கே எழுத வேண்டும். எழுதினேன். வழக்கம்போலக் கேட்டார்: “இது நம்ம ரெண்டு பேரோடதான ரைட்டரே?”

“இப்போ ஆமாங்க ஐயா” என்றேன்.

“அதென்ன, இப்போ?”

மறைக்கத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்த எளிய சொற்களில் நடந்ததைச் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “காவலுக்கு வர்றவன் நம்ம வீட்டுக் கஞ்சியத்தான குடிக்கிறான். அடுப்புல என்ன வேகுதுன்னு அவனுக்குத் தெரியாமலா இருக்கும்” என்றார். எனக்கு ஆறுதலாக இருந்தது.

உயிலை வாசித்துக் காட்டினேன். மை அட்டையை நகர்த்தி வைத்தேன். அவர் விரலை நீட்டவில்லை.

“இன்னொருக்கா படிங்க” என்றார்.