ஒரு கிளாஸ் கலங்கல் பீர்

தலைப்பைப் பார்த்துவிட்டு "சாருக்கு என்ன ஆச்சு?" என்று யாரும் போன் செய்ய வேண்டாம். நன்றாகத்தான் இருக்கிறேன்.

என் மகன் நியூரம்பெர்க்கில் வேலை பார்ப்பது உங்களில் பலருக்குத் தெரியும். நாங்கள் ஆறு வருடம் சரியாகப் பேசிக்கொள்ளாதது சிலருக்கு மட்டும்தான் தெரியும். கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் இரவு அவன் வாயில் பீர் வாடை அடித்தது. வகுப்பில் பிரம்பைத் தொடாத வாத்தியார் என்று பெயர் வாங்கிய நான், அன்று பெற்ற பிள்ளையை பெல்ட்டால் அடித்துவிட்டேன்.

போன மாதம் அவனிடம் போயிருந்தேன். "அப்பா, நீங்க முப்பது வருஷம் நடத்துன பாஸ்டர் பாடத்தை நேர்ல காட்டுறேன், வாங்க" என்று செக் நாட்டுப் பில்சன் நகருக்குக் காரில் அழைத்துப் போனான். இரண்டு மணி நேரப் பயணம். பீர் ஆலை என்பது வாசலில்தான் தெரிந்தது!

பாஸ்டர் பதனம் என்றாலே நமக்குப் பால்தான் ஞாபகம் வரும். ஆனால் லூயி பாஸ்டர் முதலில் அதைச் செய்தது திராட்சை மதுவில். 1870 போரில் பிரான்ஸ் ஜெர்மானியரிடம் தோற்ற கோபத்தில், பிரெஞ்சு பீரை அவர்கள் பீரைவிட மேலானதாக்கப் புறப்பட்டு, 1876ல் பீரைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பீர் கெடுவதற்கு நுண்ணுயிர்கள்தான் காரணம் என்று அதில் விளக்கினார். சுமார் 60 டிகிரி செல்சியஸில் சில நிமிடங்கள் வைத்தால் அவை செத்துவிடும். மாதக்கணக்கில் கெடாது, கப்பலேற்றலாம். ஆனால் ஈஸ்ட்டும் கூடவே சாகும், புது மணமும் கொஞ்சம் போகும்.

பில்சன் ஆலையின் அடியில் கிலோமீட்டர் கணக்கில் நிலவறைகள். ஸ்வெட்டர் போட்டும் நடுங்கினேன். 1842ல் யோசஃப் குரோல் என்ற பவேரியர் இந்த ஊரில் காய்ச்சிய பொன்னிற பீரின் வழியில் வந்ததுதான் இன்று உலகெங்கும் விற்கும் 'பில்ஸ்னர்'. இப்போது பெரிய எஃகுத் தொட்டிகளில் தயாரித்து, வடிகட்டி, சூடாக்கி, பாட்டிலில் அடைக்கிறார்கள். ஆனாலும் கொஞ்சம் பீரை மட்டும் இன்னும் ஓக் மரப் பீப்பாயில் வைத்திருக்கிறார்கள். எஃகுத் தொட்டி பீரின் ருசி பழையதிலிருந்து மாறிவிடக் கூடாதே, ஒப்பிட்டுப் பார்க்கத்தான். அதை வடிகட்டாமல், சூடாக்காமல், பார்க்க வருகிறவர்களுக்குப் பீப்பாயிலிருந்து நேராகப் பிடித்துக் கொடுக்கிறார்கள்.

மகன் ஒரே ஒரு கிளாஸ் வாங்கி வந்து என்னிடம் நீட்டினான். அவன் குடிக்கவில்லை. அந்த நாட்டில் சொட்டுக் குடித்துவிட்டுக் கார் ஓட்டினாலும் குற்றமாம். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வாங்கினேன். லேசான கலங்கல், மேலே கெட்டியான நுரை. முதலில் கசப்பு, பிறகு ரொட்டி வாசனை, கடைசியில் வெண்ணெய் மாதிரி ஏதோ ஒன்று. கலங்கலுக்குக் காரணம் முக்கியமாக உயிரோடு இருக்கும் ஈஸ்ட். வீட்டில் அரைத்த இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். நேற்று ஒரு ருசி, இன்று ஒரு ருசி, குளிரில் வைக்காவிட்டால் போயிற்று. ஊர் விட்டு ஊர் போக முடியாத சரக்கு.

ஆலையில் செய்தது மட்டம் என்று சொல்ல வரவில்லை. குரோல் வருவதற்கு நாலு வருடம் முன்பு, 1838ல், கெட்டுப்போன பீரை இதே ஊர் மக்கள் நகர மண்டபத்தின் முன் பீப்பாய் பீப்பாயாகக் கொட்டினார்களாம். அவர்களிடம் கேட்டால் பாஸ்டருக்குச் சிலை வைத்திருப்பார்கள்.

இன்னொன்று. வடிகட்டாத பீர் உடம்புக்கு நல்லது, ஈஸ்ட்டில் பி வைட்டமின் இருக்கிறது என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள். வடிகட்டினாலும் வடிகட்டாவிட்டாலும் ஆல்கஹால் அதே ஆல்கஹால்தான். குடியால் போன நம் மாணவர்கள் இரண்டு பேர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனவன் நான். உங்களைக் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை.

ராத்திரி நியூரம்பெர்க் திரும்பியதும், அதே பீரைக் கடையில் பாட்டிலாக வாங்கி இரண்டு கிளாஸில் ஊற்றினான். பளிங்கு மாதிரி தெளிவு. கசப்பு அப்படியே இருந்தது, ரொட்டி வாசனையைத் தேட வேண்டியிருந்தது. ருசி பார்த்துவிட்டு வைத்தேன். "அன்னைக்கு அடிச்சது தப்புப்பா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அன்னைக்குக் குடிச்சது அரை கிளாஸ்தான்ப்பா" என்றான்.

அவன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும்.