சலினாஸில் ஒரு காலை: ரோபோ களை எடுக்கும் வயல்

‘கத்திரி, வெண்டைக்குக் களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை. ரோபோ வந்துவிட்டதாமே, நமக்கு உதவுமா?’ வாசகர்கள் பலரும் கேட்கும் கேள்வி. கலிபோர்னியாவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அதற்கு விடை தேடி சலினாஸ் பள்ளத்தாக்குக்குப் போய் வந்தேன்.

சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே சுமார் 160 கிலோமீட்டர். கடலிலிருந்து வரும் பனிமூட்டத்தால் கோடையிலும் குளிர்ச்சி. கண்ணுக்கெட்டிய தூரம் வரை மேட்டுப்பாத்திகள்; கயிறு பிடித்து நட்டதுபோல லெட்டூஸ் வரிசைகள். சாலட்டில் பச்சையாகச் சாப்பிடும் கீரை அது. நெருக்கமாக விதைத்து, முளைத்தபின் சாண் அளவுக்கு மேல் இடைவெளிவிட்டுக் கலைக்கிறார்கள்.

முன்பு இந்த வேலைக்கு ஓரடிக் காம்பு போட்ட களைக்கொத்துதான். மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர்கள் நாள் முழுக்கக் குனிந்தே வெட்டினார்கள். யாராவது நிமிர்ந்தால் மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். முதுகு போனவர்கள் ஏராளம். வழக்கு நடந்து, 1975-ல் அந்தக் கருவிக்குத் தடை வந்தது. நீளக் காம்பு வந்தால் பயிர் கெடும் என்றார்கள் பண்ணைக்காரர்கள். விவசாயம் நின்றுவிடவில்லை.

இன்று அதே வரிசைகளில் இயந்திரம் நகர்கிறது. கேமரா மேலிருந்து படமெடுக்க, எது பயிர், எது களை என்று கம்ப்யூட்டர் பிரிக்கிறது. பயிர் வரும்போது கத்திகள் விலகுகின்றன. தாண்டியதும் மூடிக் களையை அறுக்கின்றன. லேசரால் களையைக் கருக்கும் வகையும் உண்டு. ஆனாலும் பயிரை ஒட்டி முளைத்த களைக்குக் கைதான் வேண்டியிருக்கிறது. பின்னாலேயே நீளக் காம்புக் கொத்துடன் சிலர் நடந்தார்கள்.

ஒன்று புரிந்தது. வரிசை நேராக இருந்து, முளைப்பு சீராக இருந்து, களை சிறிதாக இருந்தால்தான் கேமராவுக்கு வித்தியாசம் தெரியும். இலைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் அது தடுமாறும்.

ஆக, கேள்விக்கு என் பதில் இதுதான். இந்த இயந்திரங்கள் நூற்றுக்கணக்கான ஏக்கருக்கானவை. ஓரிரு ஏக்கர்காரர் சொந்தமாக வாங்கிக் கட்டுப்படியாகாது. அங்கேயே ஏக்கருக்கு இவ்வளவு என்று வாடகைக்கு ஓட்டுவதும் உண்டு. நமக்கும் என்றாவது வந்தால், உழவர் குழு வழியாக வாடகைக்கு எடுப்பதே சரி. அதுவரை கயிறு பிடித்து நேராக நடுங்கள். களை சிறிதாக இருக்கும்போதே எடுங்கள். வீட்டில் இருக்கும் களைக்கொத்துக்கு நின்றபடி வேலை செய்யும் உயரத்துக்குக் காம்பு போடுங்கள். நம் வயலில் குனிந்து கிடப்பது பெரும்பாலும் பெண்களின் முதுகு. அதற்கு ரோபோ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.