சர்டிபிகேட்: கே.ஜி.எஃப். (கோலார் தங்க வயல்) குறிப்புகள்

டிகிரி வேறு. சர்டிபிகேட் வேறு. சுரங்க ஊரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கல்லூரி தருவது பட்டம். சுரங்கத்தை நடத்தும் உரிமை அதில் வராது. அதற்குத் தனிப் பரீட்சை. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் நடத்துவது, தலைமையகம் தன்பாத். செகண்ட் கிளாஸ் மேனேஜர், அதற்கு மேல் ஃபர்ஸ்ட் கிளாஸ் மேனேஜர்.

சுரங்கத்தில் வேலை பார்த்த அனுபவம் வேண்டும். முதலுதவிச் சான்றிதழும் வேண்டும். கட்டுப் போடத் தெரியாதவர் மேனேஜர் ஆக முடியாது. நல்ல விதி.

மேட். பிளாஸ்டர். ஃபோர்மேன். சர்வேயர். ஆளுக்கொரு சர்டிபிகேட்.

வைண்டிங் இன்ஜின் டிரைவருக்கும் உண்டு. கேஜ் என்ற கூண்டில் ஆட்களை இறக்கி ஏற்றுபவர். ஆட்கள் அவர் கண்ணில் படுவதில்லை. மணிச் சத்தம்தான். கேஜ் ஓடும்போது ஒரு மணி அடித்தால் நிறுத்தியாக வேண்டும்.

கே.ஜி.எஃப்.பின் சாம்பியன் ரீஃப் சுரங்கம். ஏறக்குறைய 3,200 மீட்டர் ஆழம். அடியில் பாறையின் சூடே 60 டிகிரிக்கு மேல்.

சுரங்கச் சட்டம், 1952. பிரிவு 17. ஒரு சுரங்கத்துக்கு ஒரே மேனேஜர் என்றது. பொறுப்பு என்று வரும்போது சட்டம் கூட்டத்தைத் தேடுவதில்லை, ஓர் ஆளைத் தேடுகிறது.

1897, கோலார் சுரங்க விபத்து. ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள். இந்தியாவின் முதல் சுரங்கச் சட்டம் 1901ல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விபத்து நடந்தது மைசூர் சமஸ்தானத்தில். சட்டம் வந்தது பிரிட்டிஷ் இந்தியாவுக்கு.

அப்போது நிர்வாகம் லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனி. பாறையைக் குடைந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்த தமிழர்கள். அதிலும் பெரும்பாலோர் தலித்துகள்.

வெடி வைத்த பிறகு முதலில் போகிறவர் கூரையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பார். கணீர் என்றால் பாறை கெட்டி. தொம் என்று வந்தால் விலகு. இரண்டு சத்தத்துக்கும் நடுவே ஒன்று உண்டு. அதைத்தான் வருடக்கணக்கில் படிக்க வேண்டும்.

தட்டும்போது எங்கே நிற்பது என்பதும் ஒரு பாடம். தட்டிய இடத்துக்கு நேர் கீழே அல்ல. கெட்டி என்று தெரிந்த கூரைக்குக் கீழே. கை நீளும், உடம்பு நகராது.

ராக் பர்ஸ்ட். பாறை தானாகவே வெடிப்பது. வெடிமருந்து தேவையில்லை, மேலே கிடக்கும் பாறையின் பாரம் போதும். சில வெடிப்புகள் பூமிக்கு மேலே வீடுகளையும் ஆட்டின. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988ல் கே.ஜி.எஃப்.பில் தொடங்கியது சும்மா இல்லை.

இன்னொரு காகிதம், டாக்டர் தருவது. வேலைக்குத் தகுதி, தகுதியில்லை. இந்தியாவில் சிலிகோசிஸ் முதலில் பதிவானது கோலார் சுரங்கங்களில்தான். கூரையைத் தட்டிப் பார்ப்பது போல நெஞ்சையும் தட்டிப் பார்த்தார்கள்.

அந்த நெஞ்சுகளின் எக்ஸ்ரே படங்களை யார் பத்திரப்படுத்தினார்கள்? கேட்க வேண்டும்.

1952 சட்டம் பெண்களைப் பூமிக்கடியில் வேலை செய்ய விடவில்லை. 2019ல்தான் விலக்கு வந்தது. பகல் நேரத்தில், டெக்னிக்கல், மேற்பார்வை வேலைகளுக்கு. கே.ஜி.எஃப். மூடி அப்போது 18 வருடம். இங்கே பிறந்த பெண் பிள்ளை ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கினாலும் இறங்கச் சொந்த ஊரில் ஷாஃப்ட் இல்லை.

2001 பிப்ரவரி 28. கே.ஜி.எஃப்.பை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் மூடல்.

சுரங்கம் மூடினால் சர்டிபிகேட் செத்துப்போவதில்லை. மத்திய அரசு தந்தது, எந்த மாநிலச் சுரங்கத்திலும் செல்லும். ராய்ச்சூர் மாவட்டத்தில் ஹட்டி தங்கச் சுரங்கம் ஓடுகிறது. ராஜஸ்தானில் ஜாவர் இருக்கிறது, துத்தநாகம்.

மின்சார வேலை அப்படியில்லை. சூப்பர்வைசர் பெர்மிட் மாநில அரசு தருவது.

சிவசமுத்திரத்திலிருந்து கே.ஜி.எஃப்.புக்கு மின்சாரம் வந்தது 1902ல். பெங்களூருக்கு அதற்கப்புறம்தான்.

மாரிகுப்பத்திலிருந்து காலை ரயில். நிற்க இடமில்லை. பெங்களூர் வேலைக்குப் போகிற கூட்டம். படித்த பிள்ளைகளும் அதில்தான்.

சுரங்கத்தை மறுபடி திறப்பார்கள் என்ற பேச்சு ஒவ்வொரு தேர்தலுக்கும் வருகிறது. திறந்தால் மேனேஜர் கிடைப்பார், சர்டிபிகேட்டோடு. கூரையைத் தட்டக் கற்றுத்தர யார் இருப்பார்கள்?

ஆண்டர்சன்பேட்டையிலும் சாம்பியன் ரீஃப் லைன் வீடுகளிலும் கூரை தட்டிப் பழகிய பழைய மேட்கள் சிலர் இருக்கிறார்கள். சத்தங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வைக்க வேண்டும். இந்த வருடமே.