இலை உதிர்ந்த பின்னும்

இலையைக் கொண்டு மரத்தை அறிதல் எளிது. பூவையும் காயையும் கொண்டு அறிதல் அதனினும் எளிது. இவையெல்லாம் நீங்கி வெறுங்கிளைகளோடு நிற்கும்போது இன்ன மரம் என்று கூற வேண்டுமாயின், அதனோடு நெடுநாள் பழகியிருத்தல் வேண்டும். தொலைவில் வருபவரை நடையைக் கொண்டே இன்னார் என்று வீட்டார் அறிவதைப் போன்றது அவ்வறிவு.

தமிழ்நாட்டில் அதற்கு ஏற்ற பருவம் பின்பனி. மாசி, பங்குனித் திங்களில் சவ்வாது மலையிலும் சத்தியமங்கலம், முதுமலைக் காடுகளிலும் பல மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். பனி உறையும் நாடுகளில் கடுங்குளிருக்கு அஞ்சி மரங்கள் இலை உதிர்க்கின்றன. இங்கு வறட்சியே முதன்மைக் காரணம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண்ணின் ஈரம் குறையும்போது, இலைத்துளைகளின் வழியே நீர் ஆவியாகி வீணாகாதிருக்க மரம் இலைகளைத் துறக்கிறது. அதற்கு முன்பே இலையிலுள்ள சத்துகளில் ஒரு பகுதியைத் தண்டுக்குள் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. பின்னர்க் காம்பின் அடியில் மெல்லிய அடுக்கொன்று உருவாகி இலையைப் பிரிக்கிறது. பிரிந்த இடத்தில் தழும்பு எஞ்ச, அதன் மேற்புறத்தில் மொட்டு காத்திருக்கிறது.

இலை மறைத்திருந்தவற்றை இப்பருவம் காட்டிக் கொடுக்கிறது. கருமருதின் பட்டை முதலையின் முதுகைப் போல் கட்டங்கட்டமாக வெடித்திருக்கும். இளம் இலவின் தண்டில் கூம்பு வடிவ முட்கள் நிறைந்திருக்கும்; அதன் கிளைகள் அடுக்கடுக்காகப் பக்கவாட்டில் நீண்டிருக்கும். தேக்கின் இளங்கிளையை விரல்களுக்கிடையே உருட்டினால், அது நான்கு பட்டைகளைக் கொண்டது என்பதை விரலே சொல்லிவிடும். சரக்கொன்றையில் ஒரு முழ நீளக் கரிய காய்கள் தொங்கும். வாகையைக் காது கண்டுகொள்ளும். அதன் தட்டையான வெண்ணிற நெற்றுகள் காற்றில் சலசலத்துக்கொண்டே இருக்கும். பாலைநில வழியில் கேட்கும் அவ்வோசையைக் கயிற்றின்மேல் ஆடுவோர்க்கு முழங்கும் பறையொலியோடு குறுந்தொகையின் ஏழாம் பாடல் ஒப்பிடுகிறது.

சவ்வாது மலையின் அடிவாரச் சிற்றூர் ஒன்றில் வாழும் குடும்பத்தார்க்கு, பின்பனிக்கால ஞாயிற்றுக்கிழமைகள் மரம் பார்க்கும் நாள்கள். பாட்டி முன்னே நடப்பார். மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகள் இருவரும் பின்தொடர்வர். விறகு பொறுக்கியும் ஆடு மேய்த்தும் பெற்ற அறிவு பாட்டியுடையது. தரையில் கிடக்கும் இலையைக் கொண்டு மரத்தின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது அவர் வகுத்த விதி. அவ்விலை காற்றில் பறந்து வந்த அயல்மரத்து இலையாகவும் இருக்கலாமன்றோ? பேரன் கண்ணைக் கட்டிக்கொண்டு பட்டையைத் தடவிப் பெயர் சொல்வான். பேத்தி பட்டையின்மேல் தாளை வைத்துக் கரித்துண்டால் தேய்ப்பாள். பட்டையின் வரிகள் தாளில் பதியும். எந்த மரம் எந்நாளில் முதல் தளிர் விட்டது என்பதையும் அவள் ஏட்டில் குறித்து வைப்பாள். தாயும் தந்தையும் இந்த வகுப்பில் புதிய மாணவர்களே. அவர்கள் தவறாகப் பெயர் சொல்லும்போது பிள்ளைகளுக்கு உண்டாகும் மகிழ்ச்சிக்கு அளவில்லை.

அந்தப் பழக்கம் ஓராண்டு ஒரு மரத்தைக் காத்தது. வீட்டு வேலியை அகற்றிச் சுற்றுச்சுவர் எழுப்ப மகன் எண்ணினார். வேலியில் நின்ற ஒதிய மரம் இலையின்றிச் சாம்பல் நிறத்தில் நின்றது. “பட்ட மரம்தானே அம்மா, வெட்டிவிடலாம். உயிரோடு இருந்தாலும் ஒதி பெருத்து உத்திரம் ஆகப் போகிறதா?” என்றார். பாட்டி மறுத்து வாதிடவில்லை. “வெட்டுவதற்கு முன் ஒருமுறை சுரண்டிப் பாரப்பா” என்றார். பேத்தி சிறுகிளை ஒன்றை நகத்தால் மெல்லக் கீறினாள். மேல்தோலின் கீழே பச்சை நிறம் ஈரத்தோடு தெரிந்தது. வேலிக்காகத் தாத்தா நட்ட வெறும் போத்து அது என்பதைப் பிள்ளைகள் அன்றுதான் கேட்டறிந்தனர். ஒதியின் கிளையை வெட்டி நட்டாலும் வேர்விடும். அதன் தழையை ஆடுகள் உண்ணும். உத்திரம் ஆகாத மரத்திற்கும் அவ்வீட்டில் வேலை இருந்தது. சுவர் இரண்டடி உள்ளே தள்ளி எழுந்தது. வைகாசியில் ஒதி தளிர்த்த நாள் பேத்தியின் ஏட்டில் பதிவாயிற்று.

எல்லா மரங்களுக்கும் இத்தகைய பாட்டி வாய்ப்பதில்லை. இலையில்லாத காலத்தில், பட்டுப்போனதென்று கருதி வெட்டப்படும் மரங்கள் உண்டு. மெய்யாகவே பட்ட மரத்தின் அடையாளங்கள் வேறு: பட்டை தானே கழன்று விழும், சிறுகிளை வளையாமல் ஒடியும், கீறினால் உள்ளே பழுப்பாக உலர்ந்திருக்கும். உறங்கும் மரத்தையும் இறந்த மரத்தையும் வேறுபடுத்தி அறிய நகமும் சற்றே பொறுமையும் போதும்.

அவ்வறிவு இன்றும் பல வீடுகளில் முதியோரிடம் இருக்கிறது. கேட்பாரின்றி அது அவர்களோடு மறைவதும், பேரப்பிள்ளைகளின் ஏட்டில் ஏறுவதும் இளையோர் கையில் உள்ளன. மாசி மாதத்து மாலையொன்றில் வீட்டுப் பெரியவரை அழைத்துக்கொண்டு தெருவின் கடைசி மரம்வரை நடந்து, “இது என்ன மரம்?” என்று கேட்பதே அதற்குத் தொடக்கம்.