களனி மணலில் ஒரு நடை

கொழும்பிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தொலைவில், களனி கங்கைக் கரையில் அமைந்திருக்கிறது களனி ரஜமகா விகாரை. பௌத்தர்களுக்கு மிகப் புனிதமான தலம். விபீஷணனுக்கும் அங்கே தேவாலயம் இருப்பதால் எம்மவர்களும் போய் வருவதுண்டு.

நான் ஓர் இயன்மருத்துவர். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி என்று சொல்வது எங்கள் வேலையைத்தான். யுத்தத்தில் காயப்பட்டு, சிகிச்சைக்காக வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உறவினர் வீடுகளில் தங்கியிருந்த நான்கு பெண்களை ஒருநாள் காலையில் அங்கு கூட்டிச் சென்றேன். பாஷை தெரியாத இடம், எல்லோரும் காலையே பார்ப்பார்களோ என்று இருவர் தயங்கினார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவர், ஊன்றுகோலைக் கண்டதும் தன் வாங்கில் இடம் ஒதுக்கித் தந்தார்.

விகாரை வளவுக்குள் செருப்புடன் போக முடியாது. போதி மரத்தைச் சுற்றி மணல். பெண்கள் நீர்ப் பாத்திரங்களை ஏந்தி மரத்தை வலம் வருகிறார்கள். மணலில் அடி வைத்தால் பாதம் சற்றே புதையும். அதைச் சமாளிக்கக் கணுக்கால், முழங்கால், இடுப்பு எல்லாம் ஒவ்வோர் அடிக்கும் தம்மைத் திருத்திக்கொள்ளும். கையில் பாரமும் இருந்தால் முதுகுத் தசைகளும் சேர்ந்து உழைக்கும். நாங்கள் கருவிகள் வைத்துக் கற்பிக்கும் பயிற்சி இதுதான்.

எங்களுடன் வந்த சகோதரி ஒருவர் 2009இல் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவர். ஜெய்ப்பூர் கால் அணிந்திருக்கிறார். 1960களின் இறுதியில் இந்தியாவின் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் வைத்தியர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய கால் அது. சப்பாத்தின்றி வெறும் பாதமாக நடக்கவும், வயலில் இறங்கவும், குந்தி இருக்கவும் ஏற்றது. அதன் பாதத்துக்கு இறப்பர் பயன்படுகிறது. இலங்கையின் முதல் இறப்பர் கன்றுகள் 1876இல் நடப்பட்டதும் களனி அடங்கும் இதே கம்பஹா மாவட்டத்தில், ஹெனரத்கொடைத் தோட்டத்தில்தான்.

அவர் என் கையைப் பிடித்தபடி ஒரு சுற்று வந்தார். இரண்டாம் சுற்றில் கையை விட்டார். பிறகு கேட்டார்: "என்ரை வளவு முழுக்க மணல்தானே அக்கா. ஆஸ்பத்திரியில ஏன் சீமெந்து நிலத்தில மட்டும் நடக்கப் பழக்கினவை?"

நியாயமான கேள்வி. வழுக்காத சம நிலத்தில் தொடங்குவது பாதுகாப்புக்காக. ஆனால் அதோடு நிறுத்திவிட்டால், வீடு திரும்பும் பெண் கிணற்றடிக்கும் வயல் வரம்புக்கும் போகப் பயந்து முற்றத்தோடு முடங்கிவிடுவாள்.

வெளியில் நடப்பதால் மனமும் தேறுகிறது. சத்திரசிகிச்சை முடிந்த நோயாளர்களை அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் ஆராய்ந்து, 1984இல் முடிவை வெளியிட்டார். யன்னலால் மரங்களைக் கண்டவர்கள், செங்கல் சுவரை மட்டும் கண்டவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

ஆனால் நிலமும் நீரும் நலமாக இருந்தால்தான் அவற்றால் எமக்கு நலம் கிடைக்கும். 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனி கங்கைதான் கொழும்புக்குப் பெருமளவு குடிநீர் தருகிறது. தொழிற்சாலைக் கழிவும் குப்பையும் சேர்வதும் அதிலேதான். 2016 மே மாதத்தில் அது பெருகியபோது கரையோர வீடுகள் மூழ்கின. வெள்ள நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். காலில் சிறு புண் இருந்தாலும் அந்த நீரில் இறங்கக் கூடாது. வன்னியில் வேறோர் ஆபத்து இருக்கிறது. கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முற்றாக முடியவில்லை. அபாயப் பலகை உள்ள பக்கம், விறகுக்கென்றாலும் போகாதீர்கள்.

சகோதரிகளே, நடக்கத் தொடங்குகிறவர்கள் இவற்றைக் கவனியுங்கள். முதலில் ஈரமான, இறுகிய மணல். பழகிய பின்பே பொருமல் மணல். முதல் நாட்களில் துணைக்கு ஒருவர் இருக்கட்டும். ஐந்து நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். வெயில் ஏறுமுன் நடந்து முடியுங்கள். நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். செயற்கைக் கால் அணிபவர்கள் மணலைத் துடைத்து, உறையைத் தினமும் தோய்த்து, தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். புண் கண்டால் காலைக் கழற்றி வைத்துவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

அடுத்த முறை சிகிச்சைக்குப் போகும்போது, உங்கள் வீட்டு நிலம் எப்படிப்பட்டது என்பதை இயன்மருத்துவரிடம் சொல்லுங்கள். மணலா, களியா, படியா, வரம்பா? அந்த நிலத்தில் நடக்கப் பழக்கித் தரும்படி கேளுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.